பெரியப்பாவுக்கு இங்கிலீஷில் என்ன?

அத்தியாயம் 14

“இருபத்தொன்பது வயசுலயே தாத்தா ஆயிட்டீங்களா சார்?”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கேட்டது கிண்டலாகத் தெரியவில்லை. அதுதான் மாஸ்டரைப் பயமுறுத்தியது. கிண்டல் என்றால் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பார். அவர் நாக்குக்கு அது தண்ணி பட்ட பாடு. இவளோ ஒரு கையில் அவருடைய பாஸ்போர்ட்டையும் மறு கையில் அவர் நிரப்பிய ஃபாரத்தையும் வைத்துக்கொண்டு, எங்கோ பிசகியிருக்கிறதே என்று உண்மையான கவலையோடு பார்த்தாள்.

மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவரின் கால் அது. கற்றுக்கொள்கிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய, பக்கத்து சீட்டில் மாஸ்டர் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். பாதி ஆயுள் அந்த சீட்டிலேயே போனதில், எதிரே லாரி வந்தாலும் சரி, வீட்டில் வாக்குவாதம் வந்தாலும் சரி, டி.வி.யில் வில்லன் வந்தாலும் சரி, கால் முதலில் அழுத்திவிட்டுத்தான் மூளைக்குத் தகவல் சொல்லும்.

“தாத்தாவா? யாரும்மா தாத்தா?” என்றார்.

“நீங்கதான் சார். உங்களை அழைக்கிறவங்க பொறந்தப்ப உங்களுக்கு இருபத்தொன்பது வயசுதான். ஆனா அவங்களுக்கு நீங்க என்ன உறவுங்கற இடத்துல கிராண்ட்ஃபாதர்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா. பெரியப்பா.”

அந்தப் பெண் ஒரு கணம் ஃபாரத்தைப் பார்த்தாள். அப்புறம் மாஸ்டரைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சின்னவள், மடியில் இருந்த ஃபைலுக்குள் முகத்தை இறக்கிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

சின்னவள் என்பது மாஸ்டருடைய தம்பியின் மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசியைக் கண்டு அலறுகிற பெரிய மனிதர்களைக்கூடப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடித்து அனுப்பிவிடுகிற கை. சிரிப்பை அடக்குவதும் அந்தத் தொழிலில் ஒரு தகுதிதான். இன்றைக்கு மட்டும் முடியவில்லை.

அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று மாஸ்டருக்கு நினைவில்லை. போன வாரம் அந்த ஃபோன் வந்ததிலிருந்து வீட்டில் யாருமே சிரிக்கவில்லை.

ஃபோன் செய்தவள் ஹாரன். சின்னவளின் ஒரே மகள். பிறந்த அன்று அவள் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டிகள் ஒதுங்கின என்று சொல்லி மாஸ்டர் வைத்த பெயர் அது. கண்ணாடி லென்ஸ் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்து ஐரோப்பாவுக்குப் போனாள். போன இடத்தில் இடது காதுக்கு உள்ளே, நரம்பை ஒட்டி, ஒரு கட்டி. உயிருக்குப் பயமில்லை, ஆனால் எடுத்தாக வேண்டும். எடுத்தால் அந்தக் காது கேட்காமலே போகலாம் என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஆபரேஷன்.

அழுகையெல்லாம் அம்மாவிடம் முடித்துவிட்டு, பெரியப்பாவிடம் அவள் சொன்னது ஒன்றுதான்.

“ரெண்டு காதும் ஒழுங்கா இருக்கும்போதே ஒரு தடவை வந்து நல்லாத் திட்டிட்டுப் போங்க பெரியப்பா. ஸ்டீரியோல கேட்டுக்கறேன்.”

அன்றைக்கு மாஸ்டர் முதல் முறையாக ஒரு மாணவனை நடு ரோட்டில் வண்டியோடு விட்டுவிட்டு, ஓரமாகப் போய் நின்று மூக்கைச் சிந்தினார்.

விசா மையத்தில் நேரம் வாங்கியதும் ஹாரன்தான். அங்கிருந்தபடியே கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டி, கிடைத்த ஒரே நாளைப் பிடித்துவிட்டாள். மூன்று பேருக்குப் பதிவு பண்ணியிருப்பதாகச் சொன்னாள். அம்மாவுக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று. மூன்றாவது பெரியம்மாவுக்கு என்று நினைத்து, “அவளுக்குத்தான் பாஸ்போர்ட்டே கிடையாதே, எதுக்கு ஒண்ணு வீணா?” என்று மாஸ்டர் கேட்டார். லைன் சரியில்லை என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் வீடே டெஸ்ட்டுக்குப் போகிற வண்டி மாதிரி ஆயிற்று. சாமான் சாமானாகச் சரிபார்த்தார்கள். பாஸ்போர்ட் எடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. அங்கிருந்து கிளம்பும் தேதிக்கு அப்புறமும் மூன்று மாதத்துக்கு அது செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். மாஸ்டருடையதில் அந்தக் கவலையே இல்லை, அட்டை முதல் அட்டை வரை காலி. அங்கே உடம்புக்கு ஏதாவது வந்தால் செலவை ஏற்கிற காப்பீடு. தங்குவதற்கு இடம் இருக்கிறது என்று ஹாரன் அனுப்பிய அழைப்புக் கடிதம். ஆஸ்பத்திரி கொடுத்த கடிதம். சிரிக்காத ஃபோட்டோ.

அந்த ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு மாஸ்டரின் மனைவி, “இந்த மூஞ்சிக்கு விசா கொடுக்க மாட்டாங்க, ஜாமீன்தான் கொடுப்பாங்க” என்றாள். போனவர் கட்டாயம் திரும்பி வருவார் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்றதும், “நான் இங்கதானே இருக்கேன், என்னைக் காட்டுங்க” என்றாள். உன்னைக் காட்டினால் திரும்பி வரவே மாட்டான் என்று முடிவு பண்ணிவிடுவார்கள் என்று மாஸ்டர் சொல்லப்போக, அன்று மத்தியானம் தட்டு கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது.

அந்த மத்தியானம்தான் அவர் ஃபாரம் நிரப்ப உட்கார்ந்தார். யாரையாவது கேட்டு எழுதுங்களேன் என்றாள் மனைவி. ஊருக்கே வழி சொல்கிறவன் ஒரு தாளுக்கு வழி கேட்பதா என்றார் அவர். பெயர், பிறந்த தேதி, தொழில் எல்லாம் கியர் மாறாமல் ஓடிற்று. உறவுமுறை என்ற கட்டத்தில் வண்டி நின்றுவிட்டது.

பெரியப்பாவுக்கு இங்கிலீஷில் அங்கிள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அங்கிள் என்று எழுத அவருக்கு மனசு வரவில்லை. அவரிடம் வண்டி கற்றுக்கொள்ள வருகிற பொடிப்பயல்கள் எல்லாம் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாடி வீட்டுக் குழந்தை கேஸ் கொண்டு வருகிறவரையும் அங்கிள் என்கிறது. பத்து வயதில் அப்பா இல்லாமல் போன பெண்ணுக்காக, ஜுரத்துக்கு விழித்திருந்து, பள்ளிக்கூட விழாவில் முன் வரிசையில் உட்கார்ந்து, ஏர்போர்ட்டில் கண்ணாடியை ஒட்டி நின்று கையாட்டியவனும் அங்கிள், சிலிண்டரை உருட்டுகிறவரும் அங்கிளா?

யோசித்தார். பெரிய ஓட்டல் வாசலில் என்ன போடுகிறான்? கிராண்ட். பெரிய கடை திறந்தால் என்ன போடுகிறான்? கிராண்ட். ஆக, பெரிய என்றால் கிராண்ட். அப்பா என்றால் ஃபாதர்.

மூன்று தரம் பார்த்துப் பார்த்து, தெளிவாக, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்பினார். எழுதி முடித்ததும் நெஞ்சு நிறைந்தது என்றுகூடச் சொல்லலாம். அந்த வார்த்தைக்குத் தாத்தா என்று ஒரு பொருள் உண்டு என்பது, நெஞ்சு அவ்வளவு நிறைந்திருந்த நேரத்தில், அவர் மண்டைக்குள் நுழைய இடமில்லாமல் போயிற்று.

இப்போது நுழைந்தது.

“சார், சிரிப்புக்கு இல்ல” என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், குரலைத் தாழ்த்திக்கொண்டு. “அவங்க அனுப்பின அழைப்புக் கடிதத்துல உங்களை அங்கிள்னு போட்டிருக்காங்க. நீங்க தாத்தாங்கறீங்க. உங்க வயசைப் பார்த்தா தாத்தாவா இருக்கவே முடியாது. நாங்க வாங்கி அனுப்பறவங்க மட்டும்தான். முடிவு தூதரகத்துல. அவங்க உங்க முகத்தைப் பார்க்க மாட்டாங்க, பேப்பரைத்தான் பார்ப்பாங்க. பேப்பர்ல நீங்க பொய் சொல்றவர் மாதிரி இருக்கீங்க.”

மாஸ்டரின் காதில் கடைசி வாக்கியம் விழவே இல்லை. முதல் வாக்கியத்திலேயே அவர் நின்றுவிட்டார்.

“அங்கிள்னா போட்டிருக்கா?”

“ஆமா சார்.”

“அவளே எழுதினதா?”

“அவங்க கையெழுத்துதான்.”

அந்தக் கடிதம் மூன்று நாளாக அவர் ஃபைலில்தான் இருந்தது. அந்த நாட்டு மொழியில் இருந்ததால் ஒரு சித்திரம் போல அதை நாலைந்து முறை பார்த்து, அழகாக இருக்கிறது என்று மடித்து வைத்திருந்தார்.

இப்படியே கொடுத்தால் நிராகரிக்க வாய்ப்பு அதிகம் என்று அந்தப் பெண் விளக்கினாள். நிராகரித்தால் மறுபடி பணம் கட்டி, மறுபடி நேரம் வாங்கி வர வேண்டும். ஆபரேஷன் தேதிக்குள் அது நடக்கிற காரியமே இல்லை. நல்லவேளை, கைப்பட எழுதிய ஃபாரத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு வெற்று ஃபாரத்தைத் தடுப்புக்கு அடியில் தள்ளினாள். சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் எழுதி எடுத்துக்கொண்டு இதே கவுண்டருக்கு வரச் சொன்னாள்.

காத்திருக்கும் கூடத்தில் வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். எல்லார் மடியிலும் ஒரு ஃபைல். ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டதால் கைகளுக்கு வேலையில்லாமல், ஆளாளுக்குத் தங்கள் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசைக்குப் போகலாம் என்றாள் சின்னவள். அங்கேதான் காற்று வருகிறதாம். மாஸ்டருக்குக் காற்று வந்ததாகத் தெரியவில்லை. அங்கிருந்து வாசல் கதவு நேராகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

உட்கார்ந்தார். வெற்று ஃபாரத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு பேனாவை மூடியே வைத்திருந்தார்.

“நீ மட்டும் போயிட்டு வாம்மா. உன் பேப்பர்தான் சுத்தமா இருக்கே. அம்மான்னா எந்த ஊர்லயும் அம்மா.”

“அவ எனக்கு மட்டுமா ஃபோன் பண்ணினா அத்தான்?”

“அங்கிளுக்கும் பண்ணினா.”

சின்னவள் ஊசி போடுவதற்கு முன்னால் நரம்பைத் தேடுகிறவள் போலக் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, தாத்தான்னே இருக்கட்டும்” என்றாள். “அப்ப நான் உங்களுக்கு மருமகளா ஆயிடறேன். அக்கா எனக்கு மாமியார். இத்தனை வருஷம் சண்டையில்லாம இருந்த வீடு. இன்னையோட முடிஞ்சுது.”

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பைப் பாதியிலேயே பிரேக் போட்டு நிறுத்தினார்.

“நான் விளையாட்டுக்குச் சொல்லலம்மா. அவ எழுதலாமா அப்படி? வேற யார் எழுதியிருந்தாலும் போகட்டும்னு விட்டிருப்பேன். அவ என்னை அங்கிள்னு ஒரு நாள் கூப்பிட்டிருக்காளா?”

“இல்ல.”

“பின்ன?”

சின்னவள் ஃபைலை மூடிப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

“உங்க வண்டிக்குப் பின்னால ‘எல்’னு சிவப்புல ஓர் எழுத்து ஒட்டியிருக்கீங்களே. உள்ள உக்காந்திருக்கறது யாரு, புருஷன் போனதுக்கப்பறம் வேலைக்குப் போறதுக்காகக் கத்துக்கறாளா, வயசான காலத்துல ஆசைக்குக் கத்துக்கறாரா, எத்தனை தடவை டெஸ்ட்ல ஃபெயிலாகி அழுதாங்க, இதெல்லாமா அதுல எழுதியிருக்கு?”

“அதெல்லாம் எதுக்கு? பின்னால வர்றவன் ஒதுங்கிப் போகணும். அவனுக்கு அந்த ஓர் எழுத்து போதும்.”

“அவ்வளவுதான் அத்தான்” என்றாள் சின்னவள். “அவ அந்தக் கடிதத்தை எழுதினது உங்களுக்கு இல்ல. பின்னால வர்றவனுக்கு.”

மாஸ்டர் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அதில் சாவியால் ஒரு பூவைக் கீறியிருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து கீறிய பூ. பாதியில் டோக்கன் வந்திருக்க வேண்டும், ஓர் இதழ் குறைந்தது.

இவளுக்குத்தான் எழுத்தே வேண்டாமே என்று நினைத்தார். பதினேழு வருடம் அத்தான் என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை காரியம் நடத்தியிருக்கிறாள். வேண்டும் என்பதற்கு ஓர் அத்தான். வேண்டாம் என்பதற்கு ஒன்று. தம்பி ஒரு நாள் காலையில் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய், இரவாகியும் வராமல், மறுநாளும் வராமல், மூன்றாம் நாள் அவள் வாசலில் வந்து நின்று சொன்னதும் அந்த ஒரு வார்த்தைதான்.

பேனாவைத் திறந்தார்.

பெயர். பிறந்த தேதி. தொழில். அந்தக் கட்டம் வந்தது. கை கொஞ்சம் தயங்கிற்று. அப்புறம், பின்னால் வருகிறவன் யாராக இருந்தாலும் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி, ஐந்து எழுத்தையும் கொட்டை கொட்டையாகப் போட்டார்.

*

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் படித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

“இப்ப சரி. அப்பா வழியா, அம்மா வழியா சார்? அங்கிள்னா ரெண்டும் வரும்.”

மாஸ்டர் சின்னவள் பக்கம் திரும்பினார். பார்த்தாயா, இந்த லட்சணத்தில் இருக்கிற வார்த்தை இது, என்று அந்தப் பார்வை சொல்லிற்று. சின்னவள் கண்டுகொள்ளாமல் தாள்களை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள்.

சொன்னால் மட்டும் போதாது, உறவைத் தாளில் காட்ட வேண்டும். ஹாரனின் பிறப்புச் சான்றிதழ், அதில் அப்பா பெயர். அந்த அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், அதில் அவனுடைய அப்பா பெயர். மாஸ்டரின் பள்ளிச் சான்றிதழ், அதிலும் அதே பெயர். மூன்றையும் அந்தப் பெண் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டிப் பார்த்தாள்.

மாஸ்டரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து ஹாரனுக்கு நேராக ஒரு தாளும் கிடையாது. எந்தப் பக்கம் சுற்றினாலும் நடுவில் தம்பியை மிதித்துத்தான் தாண்ட வேண்டியிருந்தது. விட்டுவிட்டுப் போனவன்தான் பாலம். கூடவே இருந்தவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறான்.

“இவர் இப்ப எங்க இருக்கார்?” அந்தப் பெண்ணின் விரல் நடுத் தாளில் நின்றது.

“தெரியாதும்மா” என்றார் மாஸ்டர்.

இந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பாங்க் வரைக்கும் சின்னவள்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல், டாக்டர் கேட்டால் ரத்தத்தின் பிரிவைச் சொல்கிற குரலில் சொல்வாள். இன்று அவள் கைப்பையின் ஜிப்போடு போராடிக்கொண்டிருந்தாள். ஜிப் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

மாஸ்டர் அதைப் பார்த்தார். பார்த்தாரே தவிர, அப்போது அதற்கு மேல் யோசிக்கவில்லை. தாள்களை அடுக்கி, கிளிப் போட்டு, முத்திரை குத்திவிட்டாள் அந்தப் பெண். அந்தச் சத்தத்தில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

“பதினஞ்சு நாள்ல பொதுவா வந்துடும் சார். ஆபரேஷன் கடிதம் வச்சிருக்கீங்க, பார்ப்பாங்க. அடுத்தது கைரேகை. டோக்கன் வந்ததும் அந்தக் கதவு.” பிறகு ஒரு நொடி தயங்கி, “நான் எங்க பெரியப்பாவுக்கு ஏதாவது எழுத வேண்டி வந்தா என்ன பண்ணுவேன்னு யோசிச்சேன் சார். அங்கிள்னுதான் எழுதுவேன். அவர்கிட்ட காட்ட மாட்டேன்” என்றாள்.

மாஸ்டர் வாய் விட்டுச் சிரித்தார். கூடத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

*

கைரேகைக்குச் சின்னவளின் டோக்கன் முதலில் வந்தது. எழுந்தவள் இரண்டு அடி போய்த் திரும்பி வந்தாள்.

“உங்களைக் கூப்பிட்டா கையை விறைப்பா வைக்காதீங்க. தளர விடுங்க. ஸ்டியரிங்னு நினைச்சு அழுத்தினா ரேகை விழாது.”

“சரிம்மா.”

“அத்தான்.”

“என்னம்மா?”

எதையோ சொல்ல வந்தாள். வாசல் கதவைப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல, கோவப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கைரேகை எடுப்பதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. கடைசி வரிசையில் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தார். ரேகையை நினைத்துக் கைகளை மடியில் தளர விட்டுப் பார்த்தார். பாதி பாரம் இறங்கியிருந்தது. ஹாரனை எதற்கெல்லாம் திட்ட வேண்டும் என்று மனசுக்குள் வரிசை போட ஆரம்பித்தார். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கினதுக்கு ஒன்று. ஃபோனைப் பாதியில் வைத்ததுக்கு ஒன்று. அங்கிளுக்கு இடது காதில் தனியாக ஒன்று.

பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஃபைல் இல்லை, ஒரு பிளாஸ்டிக் உறை. தாள்களை உருவுகிற சத்தம். சட்டைப் பையில் எதையோ தேடுகிற சத்தம்.

“சார், பேனா இருந்தா கொஞ்சம் தர்றீங்களா?”

மாஸ்டர் திரும்பாமலே பேனாவை நீட்டினார். டோக்கன் பலகையில் எண் மாறுகிறதா என்பதில் அவர் கவனம் இருந்தது.

அப்போதுதான் முன் வரிசையில் ஒரு குழந்தை அம்மாவின் பிடியிலிருந்து வழுக்கித் தடாலென்று விழப் பார்த்தது. மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது.

பக்கத்தில் இருந்த காலும் அழுத்தியது.

அதே நொடி. அதே வலது கால். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை மட்டும் இறக்குகிற அழுத்தல்.

அம்மா குழந்தையைப் பிடித்துவிட்டாள். மாஸ்டரின் கால் இறங்கினபடியே இருந்தது. எடுக்க முடியவில்லை. பக்கத்து சீட்டில் ஆயுளைக் கழித்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கால் வராது. அவர் ஸ்கூலில் அந்த சீட்டில் உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். இரண்டாவது வண்டியின் சாவி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

மெதுவாகக் கண்ணை மட்டும் திருப்பினார். தேய்ந்த செருப்பு. நரைத்த ரோமம் படர்ந்த கை. மடியில் விசா ஃபாரம். அதன் மேல், ஹாரனின் ஆஸ்பத்திரி கொடுத்த கடிதத்தின் நகல். அவர் ஃபைலில் இருக்கிற அதே கடிதம்.

மூணு பேருக்கு நேரம் வாங்கியிருக்கேன் பெரியப்பா, என்றாளே ஹாரன்.

அந்த மனிதர் குனிந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக நிரப்பிக்கொண்டிருந்தார். பேனா ஒரு கட்டத்துக்கு மேல் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க” என்றார், தலையைத் தூக்காமல். குரல் தேய்ந்திருந்தது. ஆனால் அது தம்பியின் குரல். “இங்க உறவுமுறைன்னு கேக்கறான். பெத்தவன்னா, அப்பான்னு எழுதிடலாமா? இல்ல, கூட இருந்து வளர்த்திருக்கணும்னு அதுக்கு ஏதாவது அத்தாட்சி கேப்பாங்களா?”

கேட்பார்கள் என்று சொன்னால் போதும். மாஸ்டருக்கு அது அந்தக் கணமே தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் இவன் தாள்களை உறைக்குள் திணித்துக்கொண்டு எழுந்து, அந்த வாசல் கதவு வழியாக, சத்தமில்லாமல் போய்விடுவான். போவது அவனுக்குப் பழக்கம். சின்னவள் வெளியே வரும்போது நாற்காலி காலியாக இருக்கும். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். ஹாரனுக்கு அப்பா ஸ்தானத்தில் ஒரே ஒருவன் நிற்பான், இத்தனை வருடம் நின்ற மாதிரியே.

பதினேழு வருடமாகச் சேர்த்து வைத்த வசவு அத்தனையும் வரிசையாக வந்து நாக்கு நுனியில் நின்றது.

அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு காதும் இருக்கும்போது எந்தெந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்.

மாஸ்டர் தரையிலிருந்து காலை எடுத்தார்.

“எழுது” என்றார். “அத்தாட்சி என் ஃபைல்ல இருக்கு.”

பேனா காகிதத்தில் சறுக்கி ஒரு கோடு இழுத்தது. குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் அந்தத் தேய்ந்த செருப்புக்குள் இருந்த வலது கால், இல்லாத பிரேக்கை அழுத்து அழுத்தென்று அழுத்தியது.

கைரேகை அறையின் கதவு திறந்தது. சின்னவள் விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். கடைசி வரிசையைப் பார்த்தாள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தாள்.

அவள் முகத்தில் கோபம் இருக்கும், அதிர்ச்சி இருக்கும், அழுகை இருக்கும் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். ஆச்சரியம் மட்டுமாவது இருக்க வேண்டாமா?

அதுகூட இல்லை.